1997 ஜெட் படகின் எஞ்சினைத் திறந்து பார்ப்பவர் ஒன்ராறியோவில் இருக்கிறாரா?

2022 ஏப்ரல் 24

என் கேள்வியை நேராகவே வைக்கிறேன். 1997-ஆம் ஆண்டு சீ-டூ ஸ்பீட்ஸ்டர் (தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும் ஜெட் படகு) படகின் எஞ்சினைத் திறந்து பார்த்து, எது பழுது, ஏன் பழுதானது என்று இரண்டையும் சொல்லக்கூடிய மெக்கானிக் ரொறன்ரோவிலிருந்து காரில் போய்வரக்கூடிய தூரத்தில் எவராவது இருக்கிறாரா?

படகில் இரண்டு ரொட்டாக்ஸ் 717 எஞ்சின்கள் இருக்கின்றன. இரண்டும் கார்புரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கருவி) வைத்த, இரட்டைச் சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள், அதாவது பிஸ்டனின் இரண்டே நகர்வில் ஒரு சுற்றை முடிப்பவை; ஒவ்வொன்றும் 85 குதிரைத்திறன். சென்ற பருவத்தின் கடைசியில் சிம்கோ ஏரியில் ஓடிக்கொண்டிருந்தபோது இடது எஞ்சினின் வேகம் இறங்கியது, பின்னர் நின்றது, அதன் பிறகு உயிர் பெறவில்லை. பிளக்குகளைக் கழற்றிக் கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்த்தேன். வலது எஞ்சினின் இரு சிலிண்டர்களும் 150 பிஎஸ்ஐ அளவில் நிற்கின்றன. இடது எஞ்சினில் பின் சிலிண்டர் 145, முன் சிலிண்டர் 90. ஒரே எஞ்சினின் இரு சிலிண்டர்களுக்கிடையே பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. ஆகவே இந்த எஞ்சின் திறக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. திறப்பதற்குத்தான் ஆளில்லை.

அதிகாரம் பெற்ற முகவர் ஒருவரிடம் கேட்டேன். பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட எதையும் வேலைக்கு எடுப்பதில்லை என்று தொலைபேசியிலேயே முடித்துவிட்டார்கள். மரீனா எனப்படும் படகுத்துறை ஒன்றில் இருந்த மெக்கானிக், பின்புற மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது ஜெட் ஸ்கி (நீரில் ஓட்டும் ஸ்கூட்டர்) எஞ்சின் என்றும், ஜெட் ஸ்கி கடைக்குக் கொண்டுபோகும்படியும் சொன்னார். ஜெட் ஸ்கி கடையிலோ, இது படகு, எங்கள் தூக்கியில் ஏறாது, மரீனாவுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. எஞ்சின் ஒரு தொழிலுக்கும் உடல் இன்னொரு தொழிலுக்கும் உரியதாக இருப்பதால், இந்தப் படகை எந்தத் தொழிலும் தன்னுடையதாக ஏற்பதில்லை. இதுதான் என் முறைப்பாடு.

2022 ஏப்ரல் 26

இந்த இணைய இழையில் மிஸிஸாகாவிலிருந்து எழுதியவர், இத்தனை பழைய படகை ஏன் காப்பாற்ற வேண்டும், விற்றுவிடலாமே என்று கேட்கிறார். எஞ்சின் ஓடாத நிலையில் யாருக்கு விற்பது? வாங்குபவர் வலது எஞ்சினையும் பம்புகளையும் கழற்றிக்கொண்டு உடலைக் குப்பை நிலத்துக்கு அனுப்புவார். கண்ணாடியிழை உடல் மட்குவதில்லை, உருக்கி வார்க்கவும் முடியாது. என் படகின் உடலில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. ஒரு சிலிண்டரில் ஏற்பட்ட தேய்மானத்துக்காக நல்ல உடலைப் புதைப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

2022 மே 2

இந்த எஞ்சின்களைத் தொடுவோர் ஏன் இவ்வளவு அரிதாகிவிட்டார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் பலர் இதை மெக்கானிக்குகளின் சோம்பல் என்று நினைக்கிறார்கள்.

1996-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அவுட்போர்டுகளுக்கும் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்கள்) ஜெட் ஸ்கிகளுக்கும் ஜெட் படகுகளுக்குமான புகை விதியை வெளியிட்டது. 1998 மாதிரிகளில் தொடங்கி 2006-க்குள், எரியாத ஹைட்ரோகார்பனை முக்கால் பங்கு குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில், புதிய கலவையில் ஒரு பகுதி எரியாமலேயே புகைவாயில் வழியாக வெளியேறிவிடும். அது அந்த வடிவமைப்பின் இயல்பு. அமெரிக்காவின் டாஹோ ஏரியில் 1999 ஜூன் முதல் இத்தகைய எஞ்சின்களுக்குத் தடையே வந்தது. தயாரிப்பாளர்கள் முதலில் நேரடி எரிபொருள் தெளிப்புக்கும் பின்னர் ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கும் மாறினார்கள். 2002-இல் ரொட்டாக்ஸின் 4-டெக் என்னும் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் வந்த பிறகு பழைய வரிசை படிப்படியாக மறைந்தது. அந்த விதி தேவையான விதி; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் இதன் விளைவைப் பாருங்கள். இன்று முப்பது வயதில் இருக்கும் மெக்கானிக், கணினியைச் செருகிப் பழுதின் எண்ணைப் படித்துத் தொழில் கற்றவர். என் படகில் கணினியைச் செருக இடமில்லை. சாவிக் கயிற்றை மாட்டினால் இரண்டு முறை ஒலி எழுப்பிச் சாவியை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லும், அத்துடன் அதன் மின்னணு அறிவு ஏறத்தாழ முடிந்துவிடும். மீதி எல்லாவற்றையும் காதால் கேட்டு, பிளக்கின் நிறத்தைப் பார்த்து, அழுத்தமானியை வைத்துத்தான் அறிய வேண்டும். அதைக் கற்றவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

இத்துடன் இன்னொன்றும் சேர்ந்தது. சீ-டூவைத் தயாரிக்கும் பிஆர்பி நிறுவனம் 2012-இல் சீ-டூ படகுத் தயாரிப்பிலிருந்தே விலகியது. ஜெட் ஸ்கியைத் தொடர்ந்தது. முகவரின் பணியகத்துக்குப் படகு வருவது அத்துடன் குறைந்துவிட்டது. எஞ்சினை வெளியே தூக்குவதற்கான சங்கிலித் தூக்கியையும், பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையே நேர்கோடு பார்க்கும் நீண்ட தண்டையும் எவர் இனி வாங்கி வைப்பார்?

2022 மே 3

ஒன்றைச் சேர்க்க மறந்தேன். உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சமில்லை. 717 எஞ்சின் 90-களில் பல ஜெட் ஸ்கி மாதிரிகளில் இருந்தது. பிஸ்டன், வளையம், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), சீல், கேஸ்கெட் எல்லாம் புதிதாகவே கிடைக்கின்றன. சிலிண்டர் துளை 82 மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டர் பெரிதாக்கிய பிஸ்டனும் அரை மில்லிமீட்டர் பெரிதாக்கியதும் உண்டு. சாமான் கிடைக்கிறது, கை கிடைக்கவில்லை.

2022 மே 12

ஒரு கடை ஏற்றுக்கொண்டது. பெயர் சொல்ல மாட்டேன். வேலைக்கூலி மணிக்கு 150 டொலர். மதிப்பீட்டைக் கேட்டேன்; மறுசீரமைத்த அரை எஞ்சினை வெளியிலிருந்து வாங்கி மாட்டுவதே மலிவு என்றார்கள். நம்முடைய பழைய எஞ்சினை அனுப்பிவிட்டால், அதன் பெறுமதியைக் கழித்துக்கொண்டு, கிராங்கும் பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்த ஒரு தொகுப்பைத் தருவார்கள். மொத்தச் செலவு படகின் சந்தை விலையை எட்டுகிறது. சம்மதித்தேன், ஏனென்றால் வேறு வழி இல்லை. ஆனால் முன் சிலிண்டர் ஏன் போனது என்று கேட்டபோது கிடைத்த பதில், 'பழைய எஞ்சின், அப்படித்தான்' என்பது. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

2022 ஜூன் 8

கடையிலிருந்து செய்தி எதுவும் இல்லை. விக்டோரியா தின விடுமுறைக்கு முன்னர் படகைக் கேட்பவர்கள் வரிசையில் நிற்கும்போது என் படகு ஓரத்தில் தள்ளப்பட்டிருக்கும் என்று ஊகிக்கிறேன். ஒன்ராறியோவில் தண்ணீர்க் காலம் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான். புதிய படகின் உத்தரவாத வேலை ஒன்றுக்குக் காசு நிச்சயம், நேரமும் நிச்சயம். என்னுடையதில் துருப்பிடித்த ஒரு போல்ட் முறிந்தால் அரை நாள் போய்விடும், அந்த அரை நாளுக்கு வாடிக்கையாளரிடம் காசு கேட்பதும் கடினம்.

ஏப்ரலில் எழுதியதை இப்போது மறுபடி படிக்கும்போது, மறுத்தவர்கள்மேல் நான் காட்டிய கோபத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. பழைய எஞ்சினைத் தொட்டவரே அதன் அடுத்த பழுதுக்கும் பொறுப்பாளி ஆகிவிடுகிறார். கார்புரேட்டரைத் துப்புரவாக்கித் தந்தவரிடம், இரண்டு வாரம் கழித்து ஸ்டார்ட்டர் போய்விட்டது, நீங்கள் வந்து பார்த்த பிறகுதான் போனது என்று சண்டை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். நேர்மையாக மறுப்பவர், படகை வாங்கி வைத்துக்கொண்டு பருவம் முழுவதையும் விழுங்குபவரைவிட மேலானவர். என் கோபம் இனி இரண்டாமவரிடம் மட்டும்.

2022 ஜூலை 17

படகு வந்துவிட்டது. எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆகிறது. புதிய எஞ்சினுக்கான பழக்கக் காலத்தில், எண்ணெய்ப் பம்பு தன் வேலையைச் செய்யும்போதே முதல் டாங்கில் பெற்றோலுடனும் எண்ணெய் கலந்து, பாதிக்கு மேல் முடுக்காமல், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் வைக்காமல் ஓட்டுகிறேன்.

எண்ணெயைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். கலனில் ஏபிஐ-டிசி என்று போட்டிருக்கும் எண்ணெயே வேண்டும். டிசி-டபிள்யூ3 என்று விற்கப்படுவது, குளிர்ச்சியாக ஓடும் அவுட்போர்டுகளுக்காக வந்தது. சிந்தெடிக்கையும் மினரலையும் கலக்காதீர்கள். சில கலவைகள் கூழாகி மெல்லிய எண்ணெய்க் குழாயை அடைத்துவிடும்.

2022 ஆகஸ்ட் 7

அதே எஞ்சின். அதே முன் சிலிண்டர். இறுகி நின்றுவிட்டது.

2022 ஆகஸ்ட் 15

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். கடைக்காரர், நான் எண்ணெய் இல்லாமல் ஓட்டியிருக்கிறேன் என்கிறார். மறுசீரமைத்த தொகுப்பை விற்ற நிறுவனம், கார்புரேட்டர்கள் புதிய கிட் (உதிரிப்பாகத் தொகுப்பு) போட்டுக் கட்டப்பட்டதற்குச் சான்று காட்டினால்தான் உத்தரவாதம் என்கிறது. கடையில் கேட்டால், எஞ்சினை மாற்றும்படிதான் என்னிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள், கார்புரேட்டரைத் தொடும்படி எழுதவில்லை என்கிறார்கள். என்னுடைய ரசீதில் அப்படித்தான் இருக்கிறது. மே மாதத்தில், ஏன் போனது என்று நான் கேட்ட கேள்வி எந்தத் தாளிலும் இல்லை.

எண்ணெய் பற்றிய குற்றச்சாட்டை ஏற்க முடியாது, அதற்குக் காரணம் எஞ்சினிலேயே இருக்கிறது. இந்த எஞ்சினில் எண்ணெய் பெற்றோலோடு வருவதில்லை. தனிப் பம்பு ஒன்று அதை உள்ளிழுக்கும் வாயில்களில் செலுத்துகிறது. எண்ணெய் நின்றுபோனால் கிராங்கின் பேரிங்குகளும் கனெக்டிங் ராடின் அடிப்பகுதியும் காய்ந்து நீலம் பாரித்திருக்க வேண்டும். புகைவாயில் வழியாக விளக்கடித்துப் பார்த்தேன். பிஸ்டனின் ஓரம் உரசிக் கிழிந்திருக்கிறது. பிளக் துளை வழியாகப் பார்த்தால் அதன் தலை வெளிறியிருக்கிறது. அது சூட்டின் அடையாளம். மேற்பகுதியை நானே கழற்றப் போகிறேன்.

2022 செப்டம்பர் 11

காரணம் கிடைத்துவிட்டது. இந்த இழையைப் படிக்கும் எவரிடமாவது 90-களின் ஜெட் படகு இருந்தால், இந்தக் குறிப்பை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

சிலிண்டர்களைத் தூக்கினேன். முன் பிஸ்டனின் புகைவாயில் பக்கம் உருகி இழுபட்டிருக்கிறது. அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பியிருக்கிறது. கிராங்கின் பேரிங்குகள் எண்ணெயில் நனைந்து பளபளப்பாக இருக்கின்றன, கனெக்டிங் ராடு தாராளமாகச் சுழல்கிறது. எண்ணெய் வந்துகொண்டுதான் இருந்தது. வராதது பெற்றோல். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் உள்ளே வரும் கலவைதான் பிஸ்டன் தலையைக் குளிர்விக்கிறது. பெற்றோல் குறைந்து காற்று மிகுந்தால் எரிதல் சூடேறும், பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாக விரிவடையும், இறுகும்.

பெற்றோல் ஏன் குறைந்தது? இந்த மிக்குனி கார்புரேட்டரில் எரிபொருள் பம்பு உள்ளேயே இருக்கிறது. கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பால் அது இயங்குகிறது. அந்தப் பம்பின் உள்ளே, நகத்தளவில் ஒரு சிறு வலை வடிகட்டி உண்டு. அதைத் திறந்தபோது பச்சையும் பழுப்புமான களிம்பு அப்பியிருந்தது. மெதுவாகப் போகும்போது அந்த வலையில் மிஞ்சிய இடைவெளி போதும், எஞ்சின் அழகாக ஓடும். முழுவேகத்தில் முடுக்கும்போதுதான் பசி தெரியும். ஆகவே கரையில் வைத்துச் சோதிக்கும் எந்தக் கடையிலும் இது பிடிபடாது.

களிம்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு, டாங்கிலிருந்து வரும் சாம்பல் நிறக் குழாயை வெட்டிப் பார்த்தேன். வெளியே உறுதியாக இருக்கிறது. உள்ளே சுவர் பசையாக உருகிக் கைவிரலில் ஒட்டுகிறது. கால் நூற்றாண்டு பெற்றோலில் ஊறிய குழாய், அதுவும் எத்தனால் கலந்த பெற்றோலில். ஒன்ராறியோவில் 2007 முதல் ஐந்து விழுக்காடு எத்தனால், 2020-இல் அது பத்தானது. குழாய் இத்தனை காலம் தாங்கியதே பெரிது. ஆனால் இந்தச் சாம்பல் குழாய்களின் கதை இந்த எஞ்சின்களோடு பழகியவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. 2,000 டொலருக்கு மேல் மதிப்புள்ள ஒரு எஞ்சினை மாட்டியவர், அதற்குப் பெற்றோல் கொண்டுவரும் சில டொலர் குழாயைத் தொட்டுப் பார்க்கவில்லை.

முதல் எஞ்சினும் இதனால்தான் செத்திருக்க வேண்டும். மேயிலேயே ஒருவர் கார்புரேட்டரைத் திறந்திருந்தால் இரண்டாவது செத்திருக்காது.

2022 செப்டம்பர் 13

கிங்ஸ்டனிலிருந்து கேட்டவருக்கு: ஆம், குழாயை மட்டும் மாற்றினால் போதாது. டாங்கிலிருந்து தொடங்குங்கள். எரிபொருளைத் திறந்து மூடும் தெரிவு வால்வின் உள்ளும் அதே களிம்பு இருக்கும். அதைப் புதிதாகவே வாங்குங்கள். தண்ணீர் பிரிக்கும் கிண்ணம், டாங்குக்குத் திரும்பும் குழாய், அதிலிருக்கும் சிறு துளைக் கட்டுப்பாடு, கிராங்க் அறையிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் துடிப்புக் குழாய், எல்லாம் பார்க்கப்பட வேண்டும். கார்புரேட்டர் கிட் வாங்கும்போது மலிவானதை வாங்காதீர்கள்; உதரவிதானம் என்னும் உள்சவ்வின் மென்மையும் ஊசி வால்வு திறக்கும் அழுத்தமும் மாறினால் எல்லா வேலையும் வீண்.

வலது எஞ்சினும் இதே வயதுக் குழாய்களிலிருந்துதான் குடிக்கிறது. அதன் வடிகட்டியைத் திறந்தேன். பாதி அடைத்திருந்தது. 150 பிஎஸ்ஐ காட்டிய எஞ்சின்.

2022 ஒக்டோபர் 4

சட்டம் பற்றிக் கேட்கிறார்கள். நான் வழக்கறிஞன் அல்லன். படித்து உறுதிப்படுத்திக்கொண்டதை மட்டும் சொல்கிறேன். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எழுதித் தந்த மதிப்பீட்டைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கட்டணம் கேட்க முடியாது. ஆகவே வாய்மொழி மதிப்பீட்டை ஏற்காதீர்கள். மறுபுறம், திருத்தியவருக்குக் காசு கொடுக்காவிட்டால், படகை அவர் தம்மிடம் பிடித்து வைத்துக்கொள்ள உரிமைப்பற்றுச் சட்டம் இடமளிக்கிறது. கட்டணத்தில் தகராறு என்றால், தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டுப் படகை மீட்க வழியுண்டு. சிறு உரிமைகோரல் நீதிமன்றம் விசாரிக்கும் வரம்பு 2022-இல் 35,000 டொலர்.

நான் வழக்குப் போடவில்லை. கடிதம் எழுதினேன், பிஸ்டனின் படங்களையும் வடிகட்டியின் படங்களையும் இணைத்தேன். வேலைக்கூலியில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார்கள். எஞ்சின் தொகுப்பின் விலை போனது போனதுதான். என் ரசீதில் 'கோளாறின் காரணத்தைக் கண்டறிந்து எழுத்தில் தருதல்' என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று கடையில் இருந்த மூத்தவர் ஒருவரே சொன்னார். அந்த வரியை எல்லோரும் எழுதி வாங்குங்கள்.

2022 நொவம்பர் 20

ஏப்ரலில் கேட்ட கேள்விக்கு விடை, தண்ணீரோடு சம்பந்தமில்லாத இடத்திலிருந்து வந்திருக்கிறது.

என்னுடன் வேலை செய்பவர் ஒருவர் பாரி நகருக்கு வடக்கே வளர்ந்தவர். என் எஞ்சினின் படத்தைப் பார்த்ததும், இது ஸ்கி-டூ எஞ்சின் மாதிரி இருக்கிறதே என்றார். யோசித்தால் அது அப்படியேதான். ஆஸ்திரியாவின் குன்ஸ்கிர்கனில் இருக்கும் ரொட்டாக்ஸை, பிஆர்பியின் தாய் நிறுவனமாக இருந்த பம்பார்டியர் 1970-இல் வாங்கியதே ஸ்கி-டூ பனிவண்டிகளுக்கான எஞ்சினுக்காகத்தான். 90-களின் ஸ்கி-டூக்களில் இருந்த 583, 670 எஞ்சின்களும் என் 717-ஐப் போலவே றோட்டரி வால்வு வைத்த, தண்ணீரால் குளிரும், இரட்டைச் சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக்குகள். சிறுவிமானம் ஓட்டுபவர்களின் ரொட்டாக்ஸ் 582-உம் அதே குடும்பம்.

றோட்டரி வால்வு என்பது கிராங்கால் சுழற்றப்படும் ஒரு மெல்லிய தட்டு. அதன் வெட்டு, உள்ளிழுக்கும் வாயிலை எப்போது திறந்து எப்போது மூட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. தட்டைக் கழற்றி மாட்டும்போது பாகைமானி வைத்து அளந்து, சரியான பல்லில் வைக்க வேண்டும். மூடிக்கும் தட்டுக்கும் இடைவெளி 0.25 முதல் 0.35 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். படகுக் கடைகளில் இதை நான் சொன்னபோது முகம் பார்த்தார்கள். பனிவண்டிக் கடை ஒன்றுக்குப் போனேன்; அங்கிருந்த முதியவர் நான் சொல்லி முடிக்கும் முன்னரே, தட்டைச் சுழற்றும் தண்டின் சீலைப் பார்த்தீர்களா என்று கேட்டார். அந்தச் சீல் போனால் தண்டு இருக்கும் அறையின் எண்ணெய் கிராங்குக்குள் இறங்கி, எஞ்சின் வெண்புகை கக்கும்.

இன்னொரு நன்மையும் உண்டு. அவர்களுக்கு வேலை மும்முரம் பனிக்காலத்தில்தான். ஏப்ரலில் பனி உருகியதும் மேசைகள் காலியாகிவிடும். படகுக்காரர்கள் மூச்சு விட முடியாத அதே மாதத்தில் இவர்கள் ஓய்வாக இருக்கிறார்கள்.

மே 2-ஆம் தேதிக் குறிப்பில், இந்த எஞ்சினைக் கற்றவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள் என்று எழுதினேன். அதை இப்படி மாற்றிப் படியுங்கள்: ஏரிக்கரையில் இருந்தவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். பனியில் இருப்பவர்கள் இன்னும் வேலை செய்கிறார்கள். படகின் பெயரைச் சொல்லிக் கேட்காமல், எஞ்சினின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

2023 ஏப்ரல் 23

எஞ்சினை நானும் மைத்துனரும் சேர்ந்து வெளியே தூக்கி, பிக்கப்பில் ஏற்றி, பனிவண்டிக் கடை முதியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். படகைத் தூக்கும் வசதி அவரிடம் இல்லை, தேவையும் இல்லை. எஞ்சினை மட்டும் கொடுத்தால் அது படகா ஜெட் ஸ்கியா என்ற கேள்வியே எழவில்லை.

முன் சிலிண்டரைக் கால் மில்லிமீட்டர் பெரிதாக்கி, இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கட்டும் என்று பின் சிலிண்டரையும் பெரிதாக்கினார். கிராங்க் தப்பிவிட்டது. கட்டி முடித்ததும் அவர் செய்த சோதனையை எந்தக் கடையும் எனக்குச் சொன்னதில்லை: உள்ளிழுக்கும் வாயிலையும் புகைவாயிலையும் துடிப்புக் குழாயையும் அடைத்து, உள்ளே 5 பிஎஸ்ஐ காற்றை ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்காவது ஒரு சீல் கசிந்தால் அந்த வழியாகப் புறக்காற்று நுழையும்; குழாய் எவ்வளவு புதிதாக இருந்தாலும் பிஸ்டன் மறுபடி உருகும். முள் இறங்கவில்லை. இதைச் செய்யாமல் எந்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சினையும் வண்டியில் மாட்டுவதில்லை என்றார். சோதனைக்கு அவருக்கு அரை மணிநேரம்கூட ஆகவில்லை.

2023 மே 28

மாட்டியாகிவிட்டது. நேர்கோடு பார்க்கும் தண்டை அவர் வழியாக ஒருவரிடம் இரவல் வாங்கினேன். பம்பு இருக்கும் பக்கத்திலிருந்து அந்தத் தண்டைச் செருகி, எஞ்சினின் பின்சக்கரத்துக்குள் தடையில்லாமல் போய்வருகிறதா என்று பார்த்து, அடிப்பட்டைகளின் கீழ் மென்தகடுகளை வைத்துச் சரிசெய்தோம். சென்ற ஆண்டு மாட்டியவர்கள் இதைச் செய்யவில்லை என்பது தண்டின் பல் தேய்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அப்போது எஞ்சின் இறுகாமல் இருந்திருந்தாலும், அதிர்வு இன்னொரு பக்கம் தின்றிருக்கும்.

2023 ஜூன் 18

சிம்கோவில் முழுவேகத்தில் ஓட்டினேன். இரு எஞ்சின்களின் சுழற்சியும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. பிளக்குகள் காப்பிப் பொடி நிறம். மனம் நிறைந்திருக்கிறது.

பழைய ஜெட் படகு வாங்கலாமா என்று மூவர் தனித்தனியே எழுதியிருக்கிறார்கள். அழகையும் இருக்கைகளையும் பிறகு பாருங்கள். அந்த எஞ்சின் எந்தத் தொழிலுக்குச் சொந்தம் என்பதை முதலில் பாருங்கள். பில் ஹாமில்டன் நியூசிலாந்தின் ஆழமற்ற ஆறுகளுக்காக 1954-இல் ஜெட் படகை உருவாக்கியதிலிருந்து, அதற்குள் கார் எஞ்சினை வைப்பது ஒரு வழக்கம். 70-களின் அமெரிக்க ஜெட் படகுகளில் பெர்க்லி பம்புக்கு முன்னால் ஓல்ட்ஸ்மொபைல் 455 அல்லது ஃபோர்டு 460 கார் எஞ்சின் இருக்கும். கார் எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை எதுவும் அதைத் தொடும். மெர்க்குரி ஸ்போர்ட் ஜெட் வைத்த படகு என்றால், மேல்பாகம் அவுட்போர்டின் எஞ்சின். வயதான அவுட்போர்டு மெக்கானிக் ஒருவரைத் தேடினால் போதும். சீ-டூ படகில் 2000-க்குப் பிந்திய சில மாதிரிகளில் இருப்பதும் மெர்க்குரி வி6தான். என்னுடையதைப் போல ரொட்டாக்ஸ் டூ-ஸ்ட்ரோக் என்றால், வாங்கும் முன்னரே பனிவண்டிக் கடை ஒன்றைப் பழக்கிக்கொள்ளுங்கள். 4-டெக் வைத்தவற்றுக்கு முகவரிடம் இன்னும் ஆள் உண்டு, ஆனால் சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) உள்ளதென்றால் அதன் பழைய பீங்கான் வளையங்கள் மாற்றப்பட்டதற்கு ரசீது கேளுங்கள். அவை நொறுங்கினால் துண்டுகள் எண்ணெயோடு எஞ்சின் முழுவதும் சுற்றும்.

2023 ஜூன் 20

கரையில் வைத்துத் தோட்டக் குழாயால் கழுவும் முறையையும் கேட்டிருந்தார்கள். முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பிறகு தண்ணீரைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் தண்ணீரை மூடி, பிறகு எஞ்சினை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால், ஓடாத எஞ்சினின் புகைக்குழாயில் தண்ணீர் நிறைந்து சிலிண்டருக்குள் இறங்கும்.

2023 ஜூலை 9

ஒட்டாவாவிலிருந்து எழுதியவருக்கு: நீங்கள் எஞ்சினை மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், பழையதை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பும் முன்னர் சிலிண்டர்களைத் தூக்கிப் பார்க்கும் வாய்ப்பைக் கேளுங்கள். கடைக்காரர் மறுத்தால், புகைக்குழாயைக் கழற்றும்போதாவது வாயில் வழியாக இரு பிஸ்டன்களையும் படம் எடுத்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். என் முதல் எஞ்சின் அப்படியே பெட்டியில் போய்விட்டது. அதன் பிஸ்டன் சொல்லியிருக்கக்கூடியதைக் கேட்க எவருக்கும் வழியில்லாமல் போனது. கார்புரேட்டர் வடிகட்டியைப் பார்ப்பதற்கு எஞ்சினை இறக்கக்கூடத் தேவையில்லை. இந்த வார இறுதியிலேயே அதைத் திறந்து, என்ன நிறத்தில் இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.